வாடிப்பட்டியில் ஒரு சினானிம் வகுப்பு

வாடிப்பட்டிப் பக்கம் போட்டித் தேர்வுக்கு இங்கிலிஷ் சொல்லிக்கொடுக்கிற யாரிடமும், புதிதாகச் சேருகிற பிள்ளை முதல் நாளே கேட்பது ஒன்றைத்தான். "சார், வொகாபுலரிக்கு எந்த புக் சார் படிக்கணும்?" கேட்கும்போதே பைக்குள் ஒரு புக் இருக்கும். அண்ணனோ சித்தப்பா மகனோ படித்துவிட்டுக் கொடுத்தது, அல்லது மதுரையில் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு எடுத்தது. பெரும்பாலும் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. 1949-ல் அமெரிக்காவில் வந்த புத்தகம் இன்னும் நம் ஊர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. வாங்கிப் புரட்டினால் முன்பக்கங்கள் முழுக்கப் பென்சில் கோடு. நடுப்பக்கத்துக்கு மேல் ஒரு கோடும் இருக்காது.

"புக் நல்ல புக்தான், வச்சுக்கோ. முதல்ல இன்னைக்குப் பேப்பரை எடு" என்பதுதான் என் பதில். அந்தப் பேப்பரை எப்படிப் படிக்க வைக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என்னிடம் வருகிறவர்கள் கச்சைகட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், பாலமேடு, நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். அநேகம் பேர் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வருகிற பையன்கள் உண்டு. பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு வருகிற பெண்களும் உண்டு. கணக்கையும் ரீசனிங்கையும் இவர்கள் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள். இங்கிலிஷ் என்றதும் தோள் தொங்கிவிடும். அதிலும் சினானிம், ஆன்டானிம் என்றால் முடிவில்லாத மனப்பாடம் என்று ஒரு பயம்.

தேர்வு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும். எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். முதல்கட்டத் தேர்வில் 60 நிமிஷத்துக்கு 100 கேள்வி. இங்கிலிஷுக்கு 25 கேள்வி, 50 மார்க். அதில் சினானிம், ஆன்டானிம், ஒன் வேர்ட், இடியம், ஸ்பெல்லிங் என்று சொல்லறிவைச் சோதிக்கிற கேள்விகள் கணிசமாக வரும். ஒரு கேள்விக்குச் சராசரியாக 36 விநாடி. சினானிம் கேள்வியைப் பத்து விநாடியில் முடித்தால் மிச்சம் பிடித்த நேரம் பாராவுக்கும் கணக்குக்கும் போகும். ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வின் பிரிலிம்ஸில் 30 கேள்வி, 20 நிமிஷம். அங்கே 'இதற்கு இணையான சொல் எது' என்று நேரே கேட்பது குறைவு. பாராவுக்குள் ஒரு வார்த்தையை அழுத்தமாகக் காட்டி, அந்த இடத்தில் அதற்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். அல்லது கோடிட்ட இடம் விட்டு, கிட்டத்தட்ட ஒரே பொருள் தருகிற ஐந்து சொல்லைக் கீழே போட்டு, எது சரியாக உட்காரும் என்பார்கள். பட்டியல் மட்டும் படித்தவன் இங்கேதான் தடுமாறுகிறான். ஐந்து சொல்லுக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியும், விடை மட்டும் வராது.

இப்போது கான்ஸ்டபிள் ஜி.டி. போன்ற சில மத்திய அரசுத் தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம். ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வுக்கும் அந்த வசதி வந்துவிட்டது. இத்தனை காலம் போராடிக் கிடைத்த நல்ல காரியம் இது. ஆனால் வங்கித் தேர்வில் மற்ற பகுதிகளைத் தமிழில் எழுதினாலும் இங்கிலிஷ் பகுதி இங்கிலிஷிலேயே இருக்கிறது. சி.ஜி.எல். எழுதுகிறவனுக்கும் அதே கதைதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதல்நிலையில் பொது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்களும் இந்தப் படிப்புக்குள் வந்துவிடுகிறார்கள்.

நான் முதல் வாரத்தில் போர்டில் எழுதிப்போடும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். சொல்: எலூட். நாலு ஆப்ஷன்: ரெஃபர், எஸ்கேப், கேப்சர், டிசீவ். யோசிக்க நேரம் கொடுத்துக் கையைத் தூக்கச் சொல்வேன். நாலு ஆப்ஷனுக்கும் கை எழும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவேன். விடை எஸ்கேப், எலூட் என்றால் கைக்குச் சிக்காமல் நழுவுவது. கேப்சர் அதற்கு நேர் எதிர்ச்சொல். அவசரத்தில் படிக்கிறவன் சினானிமா ஆன்டானிமா என்று பார்க்காமல் இதில் விழுவான். ரெஃபர் எதற்கு இருக்கிறது? அலூட் என்று இன்னொரு சொல் உண்டு, மறைமுகமாகக் குறிப்பிடுவது என்று பொருள். எழுத்து கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் அதை நினைத்துக்கொண்டு வருகிறவனுக்கு வைத்த பொறி. டிசீவ் அதே மாதிரி டெலூட் என்ற சொல்லுக்காக வைத்தது. ஆக, தப்பான ஆப்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கேள்வி எடுக்கிறவர் எதையும் சும்மா போடுவதில்லை. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை அப்புறம் ஆப்ஷனைப் பார்க்கிற பார்வையே வேறு. தானே கேள்வி எடுக்கச் சொல்லிவிடுவேன். ஒரு சொல்லுக்கு மூன்று தப்பான ஆப்ஷன் யோசித்துக்கொண்டு வரவேண்டும். இதற்கு ஈடான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரு எதிர்ச்சொல், ஒரு முகச்சாயல் சொல், ஒரு பக்கத்துப் பொருள் என்று தேடித் திரிவதற்குள் நாலு சொல் மனசில் நின்றுவிடும்.

மைனஸ் மார்க் கணக்கையும் அப்போதே சொல்லிவிடுவேன். எஸ்.எஸ்.சி. முதல்கட்டத்தில் சரிக்கு 2 மார்க், தப்புக்கு அரை மார்க் போகும். இரண்டு ஆப்ஷனை உறுதியாகத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றை அடித்தால், நாலு கேள்விக்கு இரண்டு சரி, இரண்டு தப்பு என்றே வைத்துக்கொள்வோம். 4 வரும், 1 போகும், 3 கையில் நிற்கும். வங்கித் தேர்வில் ஐந்து ஆப்ஷன், தப்புக்குக் கால் மார்க். அங்கே ஒன்றுமே தெரியாமல் அடித்தால் சராசரியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே அங்கே ஒரு ஆப்ஷனையாவது தள்ளிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். 'தெரியாததைத் தொடாதே' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. பாதி தெரிந்த சொல்லுக்கும் மதிப்பு உண்டு. எலூட் என்றால் என்னவென்று உறுதியாகச் சொல்லத் தெரியாதவன், அதற்கும் ஏமாற்றுவதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்து வைத்திருந்தாலே மார்க்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டான்.

இனி பேப்பருக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்ட இங்கிலிஷைக் கற்றுக்கொடுத்தது ஜல்லிக்கட்டு வழக்கு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. தமிழ்நாட்டின் 2009-ஆம் வருஷச் சட்டத்தையும் செல்லாது என்றது. 2016 ஜனவரியில் மத்திய அரசு நடத்தலாம் என்று அறிவிக்கை போட்டது. பொங்கலுக்கு முன்பே நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2017 ஜனவரி 21-ல் அவசரச் சட்டம், இரண்டு நாள் கழித்துச் சட்டமன்றத்தில் மசோதா. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒன்பது வருஷம் இங்கிலிஷ் பேப்பரில் வந்த இந்தச் செய்திகளை நறுக்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் வகுப்புக்கு வருவது அந்த நறுக்குகள்தான்.

ப்ரொஹிபிட், ஃபர்பிட், ப்ரோஸ்கிரைப், அவுட்லா. நாலும் தடை. வீட்டில் அப்பா போகாதே என்பது ஃபர்பிட். போர்டு வைத்து, விதி போட்டுத் தடுப்பது ப்ரொஹிபிட். ஒரு இயக்கத்தையோ புத்தகத்தையோ ஆபத்தானது என்று அரசு அறிவித்து ஒதுக்குவது ப்ரோஸ்கிரைப். இந்தக் கடைசிச் சொல்லின் பக்கத்தில் ப்ரிஸ்கிரைப் என்று எழுதிக் காட்டுவேன். டாக்டர் சீட்டு எல்லோருக்கும் தெரியும். முதல் அசையில் ஒரு சின்ன மாற்றம், பொருள் தலைகீழ். ஒன்று 'இதைச் செய்' என்கிறது, இன்னொன்று 'செய்தால் குற்றம்' என்கிறது.

ஸ்டே, குவாஷ், இரண்டுக்கும் உள்ள தூரத்தை அலங்காநல்லூர்ப் பையன் ஒருவன் சொன்னதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது. அவன் வீட்டில் காளை உண்டு. "ஸ்டேன்னா காளை கொட்டத்துல நிக்கும் சார், கேஸு ஓடிக்கிட்டு இருக்கும். குவாஷ்னா அந்த உத்தரவே செத்துப்போச்சு." குவாஷ், அனல், நல்லிஃபை, ரிவோக், ரிபீல் என்று அடுத்தடுத்துப் போர்டில் போட்டபோது யார் எதைச் செய்யலாம் என்று அவர்களே பிரித்தார்கள். உத்தரவைக் கோர்ட் குவாஷ் செய்யும். போட்டவரே திரும்ப வாங்கினால் ரிவோக். சட்டத்தைச் சட்டமன்றம் ரிபீல் செய்யும். கடைசியில் 2023 தீர்ப்பின் தலைப்பில் வந்த அப்ஹோல்டு. அந்தத் தலைப்பை அவர்கள் முன்பே பார்த்தவர்கள். அந்த நாள் ஊரில் வெடி வெடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொல் மறக்காது.

தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. மறுநாள் காலை பேப்பரில் வாடிவாசலே ஒரு வொகாபுலரி புத்தகம். ஃபெரோஷியஸ், ஃபியர்ஸ் என்று காளை வரும். அஜைல், நிம்பிள் என்று மாடுபிடி வீரர் வருவார். ஸப்டியூ, ஓவர்பவர், டேம் என்று பிடிக்கிற சொற்கள். எலூட், இவேட், டாட்ஜ் என்று நழுவுகிற சொற்கள். நான் விளக்கவே வேண்டியதில்லை. திமிலைப் பிடித்துத் தொங்குகிறவனுக்குப் போக்குக் காட்டிவிட்டு ஓடுகிற காளை செய்வது எலூட்.

மழைக்காலத்தில் வைகை அணை. முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. இந்த எண்கள் ஆற்றோரத்துப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. ப்ரிம்மிங், ஸர்ப்ளஸ், கோப்பியஸ், ஆம்ப்பிள், அபண்டன்ட் எல்லாம் அந்தச் செய்திகளில் கிடைக்கும். தண்ணீர் வராத வருஷம் ஸ்கேர்ஸ், ஸ்கான்ட்டி, மீகர், இனடிக்வேட். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்குத் தண்ணீர் திறக்கிற செய்தி வந்தால், விவசாயி மகன் ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொல்வேன். ஆம்ப்பிள் என்றால் போதுமான அளவுக்கு மேலேயே, தட்டுப்பாடில்லாமல். அடிக்வேட் என்றால் சரியாகப் போதும், அவ்வளவுதான். கடைமடை வரை தண்ணீர் வருமா வராதா என்று பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வித்தியாசம் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. இங்கிலிஷ் பெயர்தான் புதிது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். படித்த சொல்லுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். வேலையில்லாத சொல் தங்காது.

தமிழ் மீடியப் பிள்ளைக்கு இதில் குறை ஒன்றும் கிடையாது, வசதிதான் அதிகம். ஃப்ரூகல், த்ரிஃப்டி, ஸ்டின்ஜி, மைசர்லி என்ற நாலையும் 'சிக்கனம்' என்று ஒரே வார்த்தையில் எழுதி வைத்திருந்தாள் ஒரு பிள்ளை. உங்கள் தெருவில் சிக்கனமானவர் யார், கஞ்சம் யார் என்று கேட்டேன். "எங்க அப்பத்தா சிக்கனம் சார். எதிர்த்த வீட்டுத் தாத்தா கஞ்சம்" என்றாள் உடனே. இரண்டு பேரும் காசைச் செலவழிப்பதில்லை. அப்பத்தா பேரன் படிப்புக்குச் சேர்க்கிறார். தாத்தா மருந்துக்குக்கூட எடுக்க மாட்டார். ஃப்ரூகலும் த்ரிஃப்டியும் அப்பத்தா பக்கம், ஸ்டின்ஜியும் மைசர்லியும் தாத்தா பக்கம். பாராட்டா, ஏச்சா என்று சொல்லின் ஓரத்தில் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டுவைக்கச் சொன்னேன். வங்கித் தேர்வின் கோடிட்ட இடக் கேள்விகளில் பெரும்பாலும் இந்தக் குறிதான் விடையைக் காட்டிக்கொடுக்கும்.

பார்க்கிற சொற்களுக்கு நடிக்கச் சொல்வேன். க்ளான்ஸ், ஸ்டேர், க்ளேர், பீப், கேஸ். ஓரப் பார்வை, வெறித்த பார்வை, முறைப்பு, எட்டிப் பார்ப்பது, மலைமேல் மேகம் இறங்குவதை மெய்மறந்து பார்ப்பது. சிறுமலை எதிரிலேயே இருக்கிறது. வெட்கப்படுகிற பிள்ளைகள்கூட க்ளேர் என்றதும் பிரமாதமாக முறைப்பார்கள்.

மனப்பாடமே கூடாது என்று சொல்லுகிறவன் இல்லை நான். ஒரு பொருளுக்குப் பல சொல், பல பொருளுக்கு ஒரு சொல் என்று தொல்காப்பியமே திரிசொல்லை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி என்று நிகண்டுகள் வந்தன. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் செய்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியை எழுதியபோது, நாலு பகுதியில் ஒன்றான பொருளகராதியை ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களுக்கென்றே ஒதுக்கினார். லண்டனில் ரோஜேவின் தெசாரஸ் வந்தது 1852-ல். சினானிம் பட்டியலை நெட்டுருப் போடுவது நமக்கு அப்படிப் பழைய பழக்கம். ஆனால் நிகண்டு படித்த பிள்ளைக்கு அடுத்துப் படிக்கச் செய்யுள் காத்திருந்தது. மனப்பாடம் செய்த சொல் மறுமாதமே பாட்டில் எதிரே வந்து நின்றது. ஒரு நாளைக்கு நூறு வார்த்தை என்று செல்போனில் வருகிற விளம்பரத்தை நம்பிப் படிக்கிறவனுக்கு அடுத்துப் படிக்க என்ன இருக்கிறது? மறுநாள் இன்னொரு நூறு.

அமெரிக்கத் தேர்வுகளும் பட்டியலை விட்டு நகர்ந்துவிட்டன. சாட் தேர்வு 2005-ல் அனாலஜியை எடுத்தது. ஜி.ஆர்.இ. 2011 ஆகஸ்டில் ஆன்டானிம், அனாலஜி இரண்டையும் எடுத்துவிட்டு, ஒரு வாக்கியத்துக்கு ஆறு சொல் கொடுத்து ஒரே பொருள் தருகிற இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நம் வங்கித் தேர்வும் அந்தப் பக்கம்தான் போகிறது.

மனசில் நிறுத்துவதற்கு நான் சொல்லிக்கொடுப்பது அட்டை முறை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கினால் நல்ல கெட்டி அட்டை கிடைக்கும். முன்பக்கம் பேப்பரில் வந்த வாக்கியம், சொல் இருக்கிற இடத்தில் கோடு. பின்பக்கம் அந்தச் சொல், இரண்டு சினானிம், ஒரு ஆன்டானிம். தமிழ் அர்த்தத்தைக் கடைசியில் சின்னதாக எழுதினால் போதும். மூன்று ஸ்வீட் டப்பா. புது அட்டை முதல் டப்பாவில், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது டப்பா, மூன்று நாளைக்கு ஒரு தடவை. அதிலும் சொன்னால் மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும். எங்கே தப்பினாலும் அட்டை முதல் டப்பாவுக்கே திரும்பும். இந்த முறையைப் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர், 1970-களில். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்மேலேயே சோதித்து ஹெர்மன் எப்பிங்ஹாஸ் புத்தகம் போட்டது 1885-ல். மறக்கப்போகிற நேரம் பார்த்து மறுபடி எடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

சோழவந்தான் கொடிக்கால் வீட்டுப் பெண் ஒருத்தி, இரண்டு குழந்தைக்குத் தாய், வெற்றிலை அடுக்கும்போது அட்டைகளை எதிரே சாய்த்து வைத்துக்கொள்வாள். நூறு இலை சேர்ந்தால் ஒரு கவுளி. ஒவ்வொரு கவுளி கட்டி முடிக்கும்போதும் ஒரு அட்டையை வாய்விட்டுச் சொல்வாள். கூட அடுக்குகிற மாமியாருக்கும் அபண்டன்ட், ஸ்கேர்ஸ் இரண்டும் வந்துவிட்டது என்று சொல்வாள். அந்த அம்மா சந்தை விலை கேட்டுவிட்டு வந்து, "இன்னைக்கு வெத்தலை அபண்டன்ட்டும்மா, வெலை இல்ல" என்பாராம். அந்தப் பெண் இப்போது வங்கியில் கிளார்க்.

வாய்விட்டுச் சொல்வது முக்கியம். கம்ப்யூட்டர் தேர்வில் உச்சரிப்புக்கு மார்க் இல்லை, கிளார்க் வேலைக்கு இன்டர்வியூவும் இல்லை. என்றாலும் காதில் விழுந்த சொல் கண்ணுக்குச் சீக்கிரம் பிடிபடும். சட்டில் என்பதை எழுத்துப் பார்த்து சப்ட்டில் என்று படித்தவன், டிவியில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது அடையாளம் தெரியாமல் விட்டுவிடுவான். பி.ஓ. வேலைக்கு இன்டர்வியூ உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பீரியடாவது இங்கிலிஷ் பேப்பரின் மதுரைச் செய்திப் பக்கத்தைக் கையில் கொடுங்கள். ஸ்கூலில் பேப்பர் இல்லாவிட்டால் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் புதுநத்தம் ரோட்டில் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் அங்கேயும் கூட்டிப் போகலாம். வைகை அணையும் வாடிவாசலும் வெற்றிலை விலையும் வருகிற பக்கத்தைப் படிக்க அவர்கள் பயப்பட மாட்டார்கள். டிகிரி முடித்து, வயசு வரம்பை எண்ணிக்கொண்டு என்னிடம் வருகிறபோது ஆரம்பிப்பதைப் பதினாறு வயசிலேயே ஆரம்பித்துவிடலாம்.